கிளப் இறந்துபோன செய்தி

புவெனோஸ் ஐரெஸ் நகரத்தின் தெற்குப் புறநகரில் நாங்கள் குடிவந்த வாரம், தெருமுனை மளிகைக்கடைக்காரர் என் பேரைக் கேட்கவில்லை. எந்த நாடு, என்ன சாமி கும்பிடுகிறோம், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, எதையும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கைத் தராசில் போட்டுக்கொண்டே, "தே கே குவாத்ரோ சோஸ்?" என்றார். அகராதியை வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் படித்துவந்த எனக்கு, குவாத்ரோ என்றால் சட்டம் போட்ட படம் என்று மட்டும் தெரியும். நீ எந்தப் படத்தைச் சேர்ந்தவள் என்கிறார். வீட்டில் எந்தச் சாமி படம் மாட்டியிருக்கிறோம் என்று விசாரிக்கிறார்போல என்று நினைத்து, "அண்ணாமலையார்" என்றேன். மனிதர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அது என்ன நிறம் என்று கேட்டார். யோசித்து, நெருப்பு நிறம் என்றேன். எந்த டிவிஷனில் ஆடுகிறது என்று கேட்டார். அதற்கு மேல் என்னிடம் ஸ்பானிஷ் இல்லை. சாயங்காலம் என் கணவர் சேகர் வேலை செய்யும் இடத்தில் கேட்டுவந்து சொன்னார். இங்கே குவாத்ரோ என்றால் கால்பந்து அணி. எந்த அணியும் இல்லாத ஒரு ஆளை அந்தக் கடைக்காரர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். என்னைப் பற்றி அவர் உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில் வந்தோம். சேகர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்தவர். மாடும் தோலும் மலிந்த இந்த நாட்டில் அதே வேலை கிடைத்தது. நான் திருவண்ணாமலை, வேங்கிக்கால். அப்பா கோவிந்தசாமி கலெக்டர் ஆபீசில் கிளார்க். வெளிநாடு என்றால் துபாய், சிங்கப்பூர், ரொம்பப் போனால் அமெரிக்கா என்றிருந்த எங்கள் தெருவில், அர்ஜென்டினாவுக்குப் போகிறோம் என்று சொன்னபோது, அது ஊரா, பந்து விளையாடும் கம்பெனியா என்று கேட்டவர்கள் உண்டு. இங்கே வந்து சில வருஷம் வாழ்ந்தபிறகு, அந்தக் கேள்வி அவ்வளவு தப்பில்லை என்று தோன்றியது.

மளிகைக்கடைக்காரர் பேர் ஓஸ்வால்தோ. அவர் மனைவி நேலிதா, என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கிளப்புக்கு அழைத்துப் போனார். அதற்கு ஒரு நீளமான பேர் உண்டு. ஆனால் அந்தப் பேட்டையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'எல் க்ளுப்', அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் கால்பந்து மைதானம், பாதி மரமும் பாதி சிமெண்டுமாகப் படிவரிசை. அதைத் தாண்டி நீச்சல் குளம், கூடைப்பந்துக் கூடம், கிழவர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் நீண்ட தரை, பிள்ளைகளுக்குச் சக்கரக் காலணி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தளம், ஒரு சின்ன நூலகம், வறுத்த இறைச்சி மணக்கும் சாப்பாட்டுக்கூடம். நேலிதா ஒவ்வொன்றையும் காட்டி, "எங்களுது, எங்களுது" என்றார். இத்தனைக்கும் இவர்கள் சொந்தக்காரர்கள், இருந்தும் மளிகைக்கடை வைத்துப் பிழைக்கிறார்களே என்று எனக்கு வியப்பு. கொஞ்ச நாள் அவர்களிடம் பெரிய மனிதர்களிடம் பேசுவதுபோல ஒதுங்கி ஒதுங்கிப் பேசினேன். பிறகுதான் புரிந்தது, அந்த 'எங்களுது' ஆயிரக்கணக்கான பேருடையது. முதலாளி கிடையாது. சந்தா கட்டுகிற தச்சரும் டாக்டரும் பஸ் டிரைவரும் கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் ஊரில் மைதானம் என்றால் சர்க்காருடையது, இல்லை பள்ளிக்கூடத்துடையது. விளையாடிவிட்டு வருவோம், விரட்டினால் போய்விடுவோம்.

கிளப்பின் கதையை நேலிதா படிவரிசையில் உட்கார்ந்து மாத்தே குடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மாத்தே என்பது இலையைக் கொதிநீரில் ஊறவைத்து ஒரே குழலில் எல்லாரும் மாற்றி மாற்றி உறிஞ்சும் கசப்புப் பானம். எச்சில் என்று நான் முதலில் தயங்கி, பிறகு பழகினேன். ரயில் பட்டறையில் வேலை செய்த ஆங்கிலேயர்கள் ஆரம்பித்த கிளப் அது. பட்டறையில் கழித்துப்போட்ட தண்டவாளக் கட்டைகள்தான் முதல் கோல் கம்பங்கள். பந்து பொறுக்கிப் போட வந்த இத்தாலியப் பையன்கள் ஆட ஆரம்பித்து, அவர்கள் பிள்ளைகள் காலத்தில் ஆங்கிலேயர்கள் ஒதுங்கிப் போனார்கள். சட்டை தைக்கத் துணி கேட்டுப் போனபோது, சிரியாவிலிருந்து வந்த துணிக்கடைக்காரர் விற்காமல் கிடந்த கத்திரிப்பூ நிறத் துணியைச் சும்மா கொடுத்தாராம். அன்றிலிருந்து அதுதான் நிறம். நீச்சல் குளத்தை யாரும் காசு கொடுத்து வெட்டவில்லை. ஞாயிறுதோறும் ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு வந்து தாங்களே தோண்டினார்கள். தோண்டியவர்களில் நேலிதாவின் அப்பாவும் ஒருவர். அணி ஒருமுறை முதல் டிவிஷனுக்கு ஏறி, ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டது. அந்த ஒரு காலத்தை வைத்துக்கொண்டே மூன்று தலைமுறை பேசிக்கொண்டிருந்தது.

நேலிதா அங்கே பெண்கள் வாலிபால் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். என் உயரத்தைப் பார்த்துவிட்டு, ஆடியிருக்கிறாயா என்றார். ஆடியிருந்தேன். வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில், முதன்முதலாக மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள். அரை நிக்கர் போட்டுக்கொண்டு வெளியூர் போக வேண்டும் என்று தெரிந்ததும் அப்பா செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, "வேணாம்மா" என்றார். அத்தோடு முடிந்தது. இங்கே முப்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் பந்தைத் தொட்டேன். போனில் அப்பாவிடம் சொன்னேன். "இன்னா போட்டுக்கினு ஆடற?" என்றார். "முழு பேண்ட்டுதாம்பா." "சரி சரி. குளுருல ஜாஸ்தி ஆடாத" என்று வைத்துவிட்டார். அடுத்த முறை பேசும்போது, ஜெயித்தீர்களா என்று அவரே கேட்டார்.

எங்கள் மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். அவளுக்குச் சோறு ஊட்டுவது பெரும்பாடு. கிளப் மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பின்னால், வலைக்கு அருகே, புல் நல்ல அடர்த்தியாக இருக்கும். பயிற்சி இல்லாத மத்தியானங்களில் பாய் விரித்து உட்கார்ந்து, தயிர்சாதத்தைப் பிசைந்து, புறாவைக் காட்டி ஊட்டுவேன். அவள் முதன்முதலில் எழுந்து நடந்ததும் அந்தப் புல்லில்தான். நேலிதா சில நாள் வந்து பக்கத்தில் உட்காருவார். இடது கம்பத்தடியில் கையை வைத்துப் புல்லைத் தடவிக்கொண்டே இருப்பார். பயிற்சி கொடுப்பவர், மைதானத்தின் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஒன்று முடியும்போது இந்த நாடு தலைகுப்புற விழுந்தது. வங்கிகளை மூடினார்கள். எங்கள் சேமிப்பு உள்ளே இருந்தது, எடுக்க முடியாது. தெருவில் பெண்கள் கரண்டியால் பாத்திரங்களை அடித்துக்கொண்டு போனார்கள். சேகரின் தொழிற்சாலை பாதி நாள்தான் ஓடியது. அந்தக் கோடையில் ஒரு காலை, ஓஸ்வால்தோவின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து எட்டிப் பார்த்தேன். அவர் இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "செ முரியோ" என்றார். செத்துப்போச்சு, செத்துப்போனார், இரண்டுக்கும் ஸ்பானிஷில் அந்த ஒரே சொல்தான். யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேலிதாவின் தாய் ரொம்பக் காலமாகப் படுக்கையில் இருந்தார். அவர்தான் என்று முடிவுசெய்துகொண்டேன்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பது நம் ஊர் நினைப்பு. வீட்டுக்கு ஓடிவந்து எலுமிச்சைச் சோறு கிளறி, தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்க ஆட்கள். வாலிபால் பெண்கள், குண்டு உருட்டும் கிழவர்கள், சாப்பாட்டுக்கூடத்துச் சமையல்காரர். ஆனால் இறந்ததாக நான் நினைத்த மூதாட்டி மூலையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். தூக்கை மேசைமேல் வைத்துவிட்டு, இறந்தது யார் என்று நேலிதாவிடம் கேட்டேன்.

"கிளப்" என்றார்.

கிளப் திவாலாகிவிட்டது, நீதிமன்றம் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டது, நிலம் ஏலத்துக்குப் போகிறது, பெரிய அங்காடி கட்டுகிற ஒரு கம்பெனி வாங்கப்போகிறது என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். ஒரு விளையாட்டுக் கிளப்புக்கு இப்படி ஒப்பாரி வைப்பார்களா என்று எனக்குள் ஒரு சலிப்பு வந்தது உண்மை. நாடே பட்டினி கிடக்கிறது. ஆறுதலாகத்தான் சொன்னேன், "வேற எடத்துல மைதானம் கட்டிக்கலாம், நேலிதா."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "தாரியோவை எப்படி எடுத்துக்கிட்டுப் போறது?"

தாரியோ அவர்களுடைய ஒரே மகன். பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த அணியின் கோல்கீப்பர். அவனைத் தகனம் செய்து, சாம்பலை இடது கம்பத்தடியில் புல்லைக் கீறிப் புதைத்திருக்கிறார்கள். அவன் மட்டுமில்லை. இந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கமாம். தான் நேசித்த மைதானத்தில் தன் சாம்பல் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாகிறார்கள். குளம் தோண்டிய நேலிதாவின் அப்பா வலது கம்பத்தடியில். யாரோ ஒருவருடைய அண்ணன் பெனால்டி அடிக்கும் இடத்தில். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், வீட்டு விலாசம் சொல்வதுபோல, எந்தக் கூச்சமும் இல்லாமல்.

பாய் விரித்தது அங்கே. சோறு ஊட்டியது அங்கே. சிந்திய பருக்கையைப் பொறுக்கி என் வாயில் போட்டுக்கொண்டதும் அங்கே. ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்தாலே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் எங்கள் வீட்டுப் படி ஏறமுடியும். என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன். யாழினியையும் இழுத்துக் குளிப்பாட்டினேன், அவள் காரணம் தெரியாமல் அழுதாள். சேகர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "அப்ப இத்தனை வருஷமா கொழந்தைக்குச் சுடுகாட்டுலயா சோறு ஊட்டின?" என்றார். மறுநாளிலிருந்து அடுத்த தெரு வழியாகச் சுற்றி வேறு கடைக்குப் போனேன். மூடிய கிளப் கதவுக்கு வெளியே, கம்பியைப் பிடித்தபடி நேலிதா ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். போய்ப் பேச மனம் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை தம்பி முருகனின் போன். "அக்கா, அப்பா போய்ட்டாரு." அதுவரை அவருக்கு ஒரு நோயும் இல்லை. காபி குடித்துவிட்டுச் செருப்பு மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் டிக்கெட்டைப் பற்றி உளறிக்கொண்டிருந்தேன். வங்கியில் இருக்கிற பணம் எனக்கு இல்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. முருகன் நிதானமாகச் சொன்னான்: "நீ வந்து சேர ரெண்டு மூணு நாளாவும்க்கா. வெயிலு ஜாஸ்தி. வச்சிருக்க முடியாது. நாங்க பாத்துக்கறோம்." பின்னால் பறைச்சத்தம் ஆரம்பித்துவிட்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். லைன் அறுந்த பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

எப்படித் தெரிந்ததோ, மத்தியானம் ஓஸ்வால்தோவும் நேலிதாவும் வந்தார்கள். பின்னாலேயே வாலிபால் பெண்கள். ஒவ்வொருத்தியும் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் அவர்களைப் பார்த்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது, ஒருத்தரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து நேலிதா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவரை எங்க வைப்பாங்க?"

"எரிச்சிட்டு, சாம்பலை ஆத்துல கரைச்சிருவாங்க. தென்பெண்ணைன்னு ஒரு ஆறு."

"தண்ணியிலயா?" நேலிதாவின் முகம் மாறிவிட்டது. அன்றைக்கு அவர்கள் வீட்டுக் கூடத்தில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி. அதிர்ச்சியை மறைக்கத் தெரியாத முகம். "ஓடுற தண்ணியில விட்டுட்டா, அப்புறம் ஞாயித்துக்கிழமை அவரைப் பாக்க எங்க போவீங்க?"

ஆன்மா, கரை சேர்தல், மறுபிறவி என்று நம்மவர்கள் சொல்கிற பதில்கள் எனக்கும் தெரியும். ஸ்பானிஷில் சொல்லவும் வார்த்தை இருந்தது. ஆனால் நேலிதா கேட்டது அது இல்லை. எங்கே போவோம்? எங்கேயும் போகமாட்டோம். அப்பா பக்கத்தில் உட்கார இனி ஒரு இடம் கிடையாது. அதற்கு முன் அதை நான் யோசித்ததே இல்லை. அப்போதுதான் அழுதேன். நேலிதா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஏலத்துக்கு முன்னால் நிலத்தை அளந்து விவரம் எழுத நீதிமன்ற ஆள் வருகிறார் என்று தெரிந்த காலையில் நானும் கிளப் வாசலுக்குப் போனேன். சேகர் தடுக்கவில்லை. "போலீஸ் வந்தா பின்னால நின்னுக்கோ" என்று மட்டும் சொன்னார். கதவுக்கு முன்னால் பெண்கள் கைகோத்து நின்றோம். வந்தவர் வயதானவர், மரியாதையானவர், கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். வழிவிடச் சொல்லிக் கெஞ்சும் குரலில் கேட்டார். நேலிதா கோஷம் போடவில்லை, திட்டவில்லை. "குளத்தை வித்துக்கோங்க, படிவரிசையை வித்துக்கோங்க. ஆனா வாங்கப்போறவங்ககிட்ட இந்த மண்ணுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு சொல்லிடுங்க. என் மகன், இடது கம்பம்" என்றார். அடுத்தவள், "என் அண்ணன், பெனால்டி எடம்" என்றாள். அதற்கடுத்தவள், "என் புருஷன், நடு வட்டம்." வந்தவர் கையிலிருந்த கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி, நேலிதாவுக்கு மறுபக்கம் நின்ற என்னிடம் வந்தார். என் நிறத்தையும் நெற்றிப் பொட்டையும் பார்த்தார்.

"செஞோரா, உங்களுக்கு இங்க யார் இருக்காங்க?"

"மி பாப்பா" என்றேன். என் அப்பா.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. கை இரண்டும் பக்கத்துப் பெண்களின் பிடியில் இருந்தன, வாயைப் பொத்திக்கொள்ளவும் முடியவில்லை. அவர் பேரைக் கேட்டார். கோவிந்தசாமி என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். தப்பாக எழுதியதைத் திருத்தவும் செய்தேன். நேலிதா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் விரல்களை நசுக்கிவிடுவதுபோல இறுக்கினார்.

அந்த மனிதர் அளக்காமலே போய்விட்டார். நிலத்தில் மனிதச் சாம்பல் புதைந்திருப்பதாக அவர் எழுதியதால் விசாரணை வைத்தார்கள், ஏலம் தள்ளிப்போனது. அது சட்டமா, அந்த மனிதரின் இரக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தள்ளிப்போன காலத்தில் உறுப்பினர்கள் வக்கீல் வைத்து வாதாடி, கிளப்பைத் தாங்களே நடத்தி மீட்டுக்கொள்ள அனுமதி வாங்கினார்கள். சங்கிலியை அறுத்த அன்று முழங்கால் உயரம் களை வளர்ந்திருந்தது. களை பிடுங்கும்போது நேலிதா சாதாரணமாகக் கேட்டார்: "எந்தப் பக்கம்?"

"எது?"

"உன் அப்பா. எந்தப் பக்கம் இருக்கட்டும்?"

"தாரியோ பக்கத்துல" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அந்த இடத்துக் களையைத் தனியாகப் பிடுங்கினார்.

பணம் சேர்த்து ஊருக்குப் போக இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. நல்ல சித்திரை வெயில். முருகன் தன் வண்டியில் என்னைத் தென்பெண்ணைக்கு அழைத்துப் போனான். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல்தான், அதிலும் பாதி லாரியில் போயிருந்தது. "இங்கதான் கரைச்சோம்" என்று கைகாட்டியவன், கொஞ்சம் யோசித்து, "இல்லக்கா, அந்தாண்ட" என்றான். அங்கே நின்று அவனிடம் கிளப்பில் நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. "பந்து ஆடற எடத்துலயா? அப்பாவையா? அதுவும் இல்லாததை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க." வண்டியைக் கிளப்பும்போது திரும்பாமலே, "அம்மாகிட்ட சொல்லாத. தாங்காது" என்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன், என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "செருப்போட மெதிப்பாங்களா?" என்றாள். மெதிப்பாங்கம்மா என்றேன்.

"தெனம் ஜனம் வருமா?"

"வரும்மா. ஞாயித்துக்கெழமை கூட்டமா வரும். கத்துவாங்க, பாடுவாங்க."

"அப்ப சரி" என்றாள். மறுபடியும் கீரையை எடுத்தாள். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்தப் போனா, அடி அண்ணாமலை தாண்டறதுக்குள்ளயே தெரிஞ்சவன் தெரியாதவன் அம்புட்டு பேர்கிட்டயும் நின்னு பேசுவாரு. கூட நடக்கறவங்களுக்குக் கால் கடுத்துப் பூடும். ஆத்துல யாரு இருக்கா, பேச?"

அப்பாவின் திதி வருஷாவருஷம் மாசியில் வருகிறது. இங்கே அது கோடை முடியும் பருவம். முருகன் ஐயரை வைத்து முடித்துவிட்டுப் போன் பண்ணுவான். இப்போது கோபமில்லை. "மைதானத்துக்குப் போறியா?" என்றும் கேட்கிறான். போன வருஷம் ஒரு விஷயம் சொன்னான்: "போனா தெக்க பாத்து நின்னு கும்பிடு. செத்துப்போனவங்க எல்லாம் தெக்கதான் இருக்காங்களாம், ஐயரு சொன்னாரு." இடது கம்பத்தடியில் நேலிதா புல்லைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் தெற்கே திரும்பி நின்றேன். எனக்குத் தெற்கே இந்த நாடு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. அப்புறம் குளிர்ந்த கடல், அப்புறம் வெறும் பனி. அண்ணாமலையும் தென்பெண்ணை மணலும் என் முதுகுக்குப் பின்னால், உலகத்தின் மேல்பாதியில் இருந்தன. வடக்கே திரும்பினால் சாஸ்திரம் தப்பு, தெற்கே நின்றால் அப்பாவுக்கு முதுகைக் காட்டுகிறேன். கைகூப்பியபடி முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து நேலிதா, எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார்.